வாட்டர் பியூரிஃபையர் வாங்கும் முன் படியுங்கள்: ஆர்ஓ, யூவி, கேண்டில் ஃபில்டர், கேன், கொதிநீர் - உங்கள் வீட்டுக்கு எது? முழுமையான வழிகாட்டி

"எந்த வாட்டர் பியூரிஃபையர் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டுக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர்? பாதிப் பேருக்குச் சட்டென்று பதில் வராது. "கார்ப்பரேஷன் தண்ணிதான்னு நினைக்கிறேன், போரும் கலக்குறாங்க போல" என்பார்கள். வாங்கப் போகிற மெஷின் எத்தனை லிட்டர், எத்தனை கட்டச் சுத்திகரிப்பு, செம்பு சேர்க்குமா, துத்தநாகம் சேர்க்குமா எல்லாம் விரல் நுனியில் இருக்கும், அதற்குள் போகிற தண்ணீரைப் பற்றி மட்டும் எதுவும் தெரியாது. நோய் என்னவென்று பார்க்காமல் மருந்துக் கடையில் போய் இருப்பதிலேயே விலை கூடிய மாத்திரையைக் கேட்பது மாதிரிதான் இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றுத் தண்ணீரோ ஏரித் தண்ணீரோ சுத்திகரித்துக் குழாயில் வரும் ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்கு, தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்ஓ மெஷின் தேவையில்லை. அதே சமயம் தர்மபுரிப் பக்கம் ஆழமான போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு "நாங்க சுடவெச்சுத்தான் குடிக்கிறோம்" என்று நிம்மதியாக இருப்பதும் ஆபத்து. தண்ணீர் வேறு, அதனால் மெஷினும் வேறு. எப்படிக் கண்டுபிடிப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தனி வீடு என்றால் சுலபம். அடுக்குமாடி என்றால் வாட்ச்மேனிடமோ சங்கச் செயலாளரிடமோ கேளுங்கள், சம்ப்பில் எது எது விழுகிறது என்று. சென்னையில் பல குடியிருப்புகளில் மெட்ரோ வாட்டர், போர், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில்தான் கலக்கின்றன, மழைக்காலத்தில் ஒரு விகிதம், மே மாதத்தில் வேறு விகிதம். மெட்ரோ வாட்டரே ஒரே இடத்துத் தண்ணீர் இல்லை. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்து வருவது உண்டு, வீராணத்திலிருந்து வருவது உண்டு, நெம்மேலி போன்ற இடங்களில் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புவதும் உண்டு. சமையலறைக்கு மட்டும் தனிக் குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள், பழைய கட்டடங்களில் பல நேரம் இருக்கும். அது கார்ப்பரேஷன் தண்ணீர் மட்டும் வரும் குழாயாக இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் ஆர்ஓ மாட்டியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஊரே பெருமையாகச் சொல்லும் தண்ணீர் அது. அதிலிருந்து இருக்கிற கொஞ்ச நஞ்ச உப்பையும் பிரித்தெடுத்து, எடுத்த தண்ணீரில் முக்கால் பங்கைச் சாக்கடையில் விட்டு, மிச்சத்தைக் குடிக்கிறார்கள்.

இரண்டாம் படி: டிடிஎஸ் அளந்து பாருங்கள், ஆனால் அதையே நம்பிவிடாதீர்கள்

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. அதை அளக்க, பேனா அளவில் இருக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு வீடு சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டு, அதே தண்ணீரால் டம்ளரைக் கழுவிப் பிடித்துக் கொள்ளுங்கள், மீட்டரின் நுனியை மட்டும் முக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ் போக லேசாக ஆட்டுங்கள், எண் ஒரு இடத்தில் நின்றதும் குறித்துக் கொள்ளுங்கள். வெந்நீரில் அளக்காதீர்கள், தப்பாகக் காட்டும். கோடையில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு தடவை அளப்பது நல்லது, போர் தண்ணீரில் இரண்டுக்கும் கணிசமான வித்தியாசம் இருக்கும்.

இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்வது: லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருந்தால் ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம். நடைமுறையில் நான் இப்படித்தான் பார்ப்பேன். 500-க்குக் கீழே என்றால், லேப் ரிப்போர்ட்டில் வேறு எதுவும் இல்லாதவரை ஆர்ஓவை மறந்துவிடலாம். 500-க்கும் 900-க்கும் இடையில் இருந்தால் அது பெரும்பாலும் வாய் ருசி சம்பந்தப்பட்ட விஷயம், டீ ஒரு மாதிரி இருக்கும், பருப்பு வேக நேரம் எடுக்கும், வீட்டில் இருப்பவர்கள் பேசி முடிவு செய்துகொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஆர்ஓ வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

இந்த மீட்டர் அளப்பது ஒன்றை மட்டும்தான், தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை. அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. கிருமி அதன் கண்ணில் படாது. சாக்கடைக் குழாய் உடைந்து கலந்த தண்ணீர்கூட 250 என்று காட்டும், அதைக் குடித்தால் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வரலாம். 700 காட்டும் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத் தலைமுறைகள் நன்றாக வாழ்ந்திருக்கலாம். ஃபுளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தாலே உடம்புக்குக் கெடுதல், ஆனால் அந்த 2 டிடிஎஸ் எண்ணில் தெரியவே தெரியாது. அதனால்தான் அடுத்த படி.

மூன்றாம் படி: ஒரே ஒரு முறையாவது லேபில் கொடுங்கள்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன, கட்டணம் கட்டிப் பொதுமக்களும் சோதித்துக்கொள்ளலாம். தனியார் லேபுகளும் நிறைய உண்டு. "குடிநீர்ப் பரிசோதனை" என்று பொதுவாகச் சொல்லாமல் என்னென்ன வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்: கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, குளோரைடு, கூடவே, சாக்கடை கலந்திருக்கிறதா என்று காட்டும் கோலிஃபார்ம், ஈ.கோலை கிருமிச் சோதனை. தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை, குப்பைக் கிடங்கு பக்கத்தில் இருந்தால் கன உலோகங்களையும் சேர்த்துக் கேளுங்கள், செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

ரிப்போர்ட் வந்ததும் பார்க்க வேண்டிய எண்கள் இவை, ஈ.கோலை தவிர மற்றதெல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். ஃபுளோரைடு 1 வரை நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. நைட்ரேட் 45-ஐத் தாண்டவே கூடாது, அதில் தளர்வு எதுவும் கிடையாது, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது மிக முக்கியம். கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது, 600 வரை அனுமதி. ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் இருப்பவர்கள் ஃபுளோரைடு சோதனையைத் தள்ளிப் போடவே வேண்டாம். அங்கே பாறையிலிருந்தே ஃபுளோரைடு தண்ணீரில் கரைகிறது, பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகளும் எலும்பு வளைந்த பெரியவர்களும் இருக்கும் ஊர்கள் அவை. காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லையும் எலும்பையும் தாக்கும் இந்த நோய்) தணிப்பும் சேர்ந்திருப்பது அதனால்தான். யாழ்ப்பாணத்துக் கதை வேறு. சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கும் தண்ணீர் என்பதால் கடினத்தன்மை அதிகம், தோட்டங்களுக்குப் போடும் உரத்தால் கிணறுகளில் நைட்ரேட்டும் ஏறும்.

கிருமிச் சோதனைக்கு லேபில் கொடுக்கும் சுத்தம் செய்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், வீட்டில் இருக்கும் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் அந்தப் பாட்டிலுக்குத்தான் ரிசல்ட் வரும். மூடியின் உட்பக்கத்தைத் தொடாதீர்கள், பிடித்ததும் குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

நான்காம் படி: இப்போது சாதனங்களைப் பார்ப்போம்

கொதிக்க வைப்பது. கிருமிக்கு இதைவிட நம்பகமான வழி வீட்டில் எதுவும் இல்லை. தளதளவென்று கொதி வந்ததும் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும், பத்து நிமிடம் இருபது நிமிடம் எல்லாம் கேஸுக்குத்தான் கேடு. ஊட்டி மாதிரி இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அங்கே மூன்று நிமிடம் விடுங்கள். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் எதையும் கொதிக்க வைப்பது எடுக்காது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செலவு என்ன? நான் போட்டுப் பார்த்த கணக்கில் பத்து லிட்டரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரச் சுமார் 100 கிராம் கேஸ் ஆகும். தினமும் பத்து லிட்டர் என்றால் மாதத்துக்கு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 14.2 கிலோ சிலிண்டரில் கிட்டத்தட்டக் கால் பங்கு. கரண்ட் கெட்டிலில் வைத்தால் பத்து லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்.

கேண்டில் ஃபில்டர். நம் அம்மாக்கள் காலத்து எவர்சில்வர் டிரம், மேல் அடுக்கில் வெள்ளைப் பீங்கான் கேண்டில், கீழே குழாய். இதை இப்போது யாரும் பேசுவதில்லை, எனக்கு இன்னும் மிகவும் பிடித்த பொருள் இது. கரண்ட் வேண்டாம், தண்ணீர் வீணாகாது, சர்வீஸ் ஆள் வேண்டாம், கேண்டிலை மாற்ற ஆகும் செலவும் குறைவு. வாரம் ஒருமுறை கேண்டிலைக் கழற்றினால் மேலே வழுவழுப்பாகப் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும். புதிதாக எடுத்த மென்மையான பிரஷ்ஷால், சோப்பு போடாமல், குழாய்த் தண்ணீரில் தேய்த்தால் அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும், தண்ணீரின் வேகமும் உடனே கூடும். மயிரிழை விரிசல் இருந்தாலும் கேண்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், விரிசல் வழியாகத் தண்ணீர் வடிகட்டாமலேயே இறங்கிவிடும். கலங்கலையும் பெரும்பாலான பாக்டீரியாவையும் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. ஆகவே வடிகட்டிய பிறகு கொதிக்க வைத்தால் கிருமியிடமிருந்து முழுப் பாதுகாப்பு.

யூஎஃப். நுண்ணிய இழைக்குழல்கள் வழியாக வடிகட்டுவது. கரண்ட் இல்லாமலும் ஓடும். பாக்டீரியா நிற்கும், வைரஸ் முழுதாக நிற்காது, உப்பு அப்படியே வரும்.

யூவி. தெளிந்த தண்ணீரில் புற ஊதா விளக்கைக் காட்டிக் கிருமிகளைச் செயலிழக்கச் செய்வது. கார்ப்பரேஷன் தண்ணீர், டிடிஎஸ் குறைவு, கிருமிப் பயம் மட்டும்தான் என்று இருக்கும் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், முன்னால் ஒரு வண்டல் வடிகட்டியும் ஒரு கார்பன் வடிகட்டியும் உள்ள யூவி. கார்பன் குளோரின் வாடையை எடுத்துவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கலாக வந்தால் ஒளி ஊடுருவாது, அப்போது முன் வடிகட்டி நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஒரு வருட ஓட்டத்தில் அதன் வலு குறைந்துவிடும், எரிகிறதே என்று விட்டுவிடாமல் மாற்றுங்கள்.

ஆர்ஓ. மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிப்பது. உப்புத் தண்ணீர், ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக், கன உலோகம் என்றால் வீட்டளவில் கைக்கு எட்டும் நல்ல வழி இதுதான், அங்கே தயங்காமல் வாங்குங்கள். அதற்கு நாம் கொடுக்கும் விலை என்னவென்றால், சாதாரண வீட்டு மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 15 லிட்டர் வேண்டிய குடும்பம் 45 லிட்டரை வெளியே விடுகிறது, வருடத்துக்கு 16,000 லிட்டருக்கு மேல். ஒரு பெரிய டேங்கர் லாரி 12,000 லிட்டர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னையே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததைப் பார்த்த பிறகும், தேவையில்லாத வீட்டில் இதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 500-க்குக் குறைவான டிடிஎஸ் உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய விதி கொண்டுவரும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. ஆனாலும் கடையில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஆர்ஓ வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் சுத்தமான தண்ணீரோடு கலந்து, ருசிக்காக உப்பைக் கூட்டுவதுதான் அதன் வேலை. ஃபுளோரைடோ நைட்ரேட்டோ இருக்கும் ஊரில் அதைத் திறந்து வைத்தால் எதை எடுக்க மெஷின் வாங்கினீர்களோ அதுவே திரும்பி வந்துவிடும். அங்கே அதை முழுதாக மூடச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் வரும் வீட்டிலோ சர்வீஸ் ஆள் அதைத் தாராளமாகத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார், உள்ளே 280, வெளியே 150. அந்த 130-ஐக் குறைக்கவா இவ்வளவு செலவு, இவ்வளவு தண்ணீர்?

கேன் தண்ணீர். 20 லிட்டர் கேன் வாங்குகிறீர்கள் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையும் அதன்கூட ஐஎஸ் 14543 என்ற எண்ணும், நிரப்பிய தேதியும், உடையாத சீலும் இருக்கிறதா என்று பாருங்கள். கீறலால் மங்கிப்போன கேனையும், வெயிலில் நின்ற வண்டியில் வந்த கேனையும் திருப்பி அனுப்புங்கள். வீட்டில் கேனைக் கவிழ்க்கும் ஸ்டாண்டின் உட்புறத்தையும், மேலே மாட்டி அழுத்தும் பம்ப்பின் குழாயையும் எப்போது கடைசியாகக் கழுவினீர்கள்? விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், வழுக்கினால் அதுதான் பாசி. எவ்வளவு சுத்தமான கேன் வந்தாலும் அந்தப் பாசி வழியாகத்தான் டம்ளருக்கு வருகிறது.

செம்பு, துத்தநாகம், காரத்தன்மை சேர்க்கும் கார்ட்ரிட்ஜ்களுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். வயிற்றில் இருப்பதே அமிலம், அதில் விழுந்த பிறகு அந்தக் காரத் தண்ணீருக்கு என்ன வேலை? தாது உப்பு கீரையிலும் பருப்பிலும் கிடைக்கும்.

ஐந்தாம் படி: வீட்டுக்கு வந்து டெமோ காட்டினால்

எங்கள் தெருவில் வீடு வீடாக ஒருவர் வந்து காட்டியதை நின்று பார்த்தேன். இரண்டு டம்ளர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் ஜோடி ஜோடியாக உலோகக் கம்பிகள் உள்ள ஒரு கருவியை விட்டு பிளக்கில் சொருகினார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் நுரைத்து, துருப் பழுப்பாகி, சேறு மாதிரி திப்பி திப்பியாக மிதந்தது. பக்கத்து டம்ளர் அப்படியே தெளிவு. "இதைத்தாங்க உங்க பிள்ளைங்க குடிக்குது" என்றார். அங்கே நின்ற அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்தது இல்லை. கம்பியில் ஒன்று இரும்பு, மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாக வெளியே வருகிறது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் சாதாரண உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் அங்கே அது வேகமாக நடக்கிறது, ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் நடக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு இப்படி யாராவது வந்தால், தெளிவாக இருக்கும் அந்த ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு மறுபடி சொருகிக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். பிள்ளைகளைக் காட்டித் தாயைப் பயமுறுத்தி விற்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது, நம்பி வாங்கியவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஆறாம் படி: வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

விலையை மட்டும் பார்க்காமல் ஐந்து வருடச் செலவைக் கேளுங்கள். வண்டல் வடிகட்டி, கார்பன், மெம்பரேன், விளக்கு, ஒவ்வொன்றும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, தலா என்ன விலை, வெளிக்கடையில் கிடைக்குமா? ஏஎம்சியில் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) மெம்பரேன் சேர்த்தியா இல்லையா? இதை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். ஐந்து வருடத்தில் மெஷின் விலையைவிட சர்வீஸ் விலை அதிகமாகிவிடுவது சர்வ சாதாரணம். மெம்பரேன் மாற்ற வேண்டும் என்று ஆள் சொன்னால் உங்கள் மீட்டரை எடுத்து உள்ளே போகும் தண்ணீரையும், கண்ட்ரோலரை மூடிவிட்டு வெளியே வருவதையும் அளங்கள். 1000 போய் 80 வந்தால் மெம்பரேன் நன்றாகவே இருக்கிறது.

வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்றப் பயன்படுத்தலாம். உப்புத் தண்ணீர் வீடுகளில் அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு மண்ணில் சேர்ந்து செடி கருகும்.

சம்ப்பையும் மாடி டேங்க்கையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், மூடி சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். பெருமழையில் தெருவில் தண்ணீர் நின்று சம்ப்புக்குள் இறங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், எந்த மெஷின் இருந்தாலும் சரி, சம்ப்பைக் கழுவி முடிக்கும்வரை கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

வாடகை வீடு மாறுபவர்களுக்கு ஒன்று. பழைய வீட்டு ஆர்ஓவைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டோமே என்பதற்காகப் புது வீட்டில் அப்படியே மாட்டிவிடாதீர்கள். முதல் நாளே மீட்டரை எடுத்து அளங்கள், லேபில் கொடுங்கள். அங்கே 200 டிடிஎஸ் கார்ப்பரேஷன் தண்ணீர், ரிப்போர்ட்டும் சுத்தம் என்றால் அந்த ஆர்ஓவை உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் இருக்கும் யாருக்காவது கொடுத்துவிட்டு, நீங்கள் ஒரு யூவியோ, கேண்டில் ஃபில்டரும் கொதிக்க வைக்க ஒரு பாத்திரமுமோ வாங்கிக் கொள்ளுங்கள்.